எந்த வேலை, எந்த மேசை: சேலத்திலிருந்து ஏற்காடு வரை

திங்கட்கிழமை காலையில் சேலம் ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர்களைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். தெருவிளக்கு எரியவில்லை, பட்டாவில் பெயர் தப்பு, ஆற்றில் சாயக்கழிவு, மகனுக்குச் சாதிச் சான்று என்று எல்லாமே "பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்" என்றுதான் தொடங்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஆட்சியர் நேரடியாகச் செய்யும் வேலை கொஞ்சம்தான். மனுவுக்கு ஒரு எண் போட்டு, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவார்கள். அது பிசகினால் "இப்பொருள் இவ்வலுவலக வரம்பில் இல்லை" என்ற ஒற்றை வரியோடு மனு செத்துப்போகும். மறுத்ததால் சாகும் மனுக்களைவிட முகவரி மாறிச் சாகும் மனுக்கள்தான் அதிகம் என்பது என் கணக்கு.

மத்திய அரசா, மாநில அரசா, உள்ளாட்சியா என்று கேட்பதைவிட மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேட்பது நல்லது. சொத்து யாருடையது? பணம் யாருடையது? கையெழுத்து யாருடையது? பல நேரம் மூன்றுக்கும் மூன்று பதில் வரும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல் இருப்பது பள்ளியில் படித்ததுதான். உள்ளாட்சி என்பதே மாநிலப் பட்டியலில் இருக்கும் ஒரு பொருள். 1992-இல் கொண்டுவந்த 73, 74-ஆம் திருத்தங்கள் பதினொன்றாவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 பொருள்களையும், பன்னிரண்டாவதில் நகர அமைப்புகளுக்கு 18 பொருள்களையும் எழுதிவைத்தன. "29 அதிகாரமும் ஊராட்சிக்குச் சொந்தம்" என்று மேடையில் முழங்குவார்கள். சட்டம் சொல்வது அதுவல்ல. மாநிலச் சட்டமன்றம் விரும்பினால் அவற்றைக் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆகவே ஊராட்சித் தலைவரிடம் எதைக் கேட்கலாம் என்று தெரிய வேண்டுமானால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 110-ஆம் பிரிவைப் பாருங்கள். ஊராட்சிச் சாலை, தெருவிளக்கு, சாக்கடை, துப்புரவு, பொதுக்கழிப்பறை, சுடுகாடு இடுகாடு, குடிநீர். கட்டாயக் கடமை இவ்வளவுதான். ரேஷன் கடையோ ஆரம்ப சுகாதார நிலையமோ அந்தப் பட்டியலில் இல்லை.

இனி சாலைக்கு வருவோம். சேலத்துக்காரர்கள் அதிகம் திட்டுவதும், அதிகம் ஆளை மாற்றித் திட்டுவதும் இதில்தான்.

சாலை எந்த ஊர் எல்லைக்குள் ஓடுகிறது என்பதை வைத்துப் பொறுப்பு வராது. எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் வரும். மாநகராட்சி வார்டுக்குள் உங்கள் வீட்டு முன்னால் ஓடும் பெரிய ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். அதிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு மாநகராட்சியுடையது. குழி இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் வேடிக்கைதான். ஓரத்தில் மைல்கல் இருந்தால் அதன் தலை நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் ஊரகச் சாலை. சேலத்தைத் தொடும் 44, 544, 79 எண் சாலைகளில் நடுவழியில் வண்டி நின்றாலும், தடுப்பு உடைந்து கிடந்தாலும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033-க்கு அழைக்க வேண்டும். மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை என்று மூன்று வகை உண்டு. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை, அதற்கும் கீழே ஊராட்சிச் சாலை. காட்டுக்குள் வனத்துறைக்கென்று தனிச் சாலைகளும் இருக்கின்றன. அதில் ஒரு கூடை மண் கொட்டவும் ஊராட்சியால் முடியாது.

நகரத்தில் அடிக்கடி நடப்பதையும் சொல்ல வேண்டும். குடிநீர்க் குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ நெடுஞ்சாலைத் துறை ரோட்டைத் தோண்ட வேண்டுமானால், தோண்டும் அமைப்பு முதலில் சாலைச் சீரமைப்புக் கட்டணத்தை அந்தத் துறைக்குக் கட்டி அனுமதி வாங்க வேண்டும். குழாயைப் பதித்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவதோடு தோண்டியவர் வேலை முடிந்தது. தார் போட வேண்டியது பணம் வாங்கிய துறை. மண் அடங்காமல் உடனே தார் போட்டால் ஒரு மழையில் உள்வாங்கும். அடங்கட்டும் என்று விட்டால் மாதக்கணக்கில் புழுதி பறக்கும். "குழாய் போட்டது அவங்க" என்று இவர்களும், "பணம் கட்டியாச்சு" என்று அவர்களும் சொல்வது இந்த இடைவெளியில்தான். மனுவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சீரமைப்புக் கட்டணம் எந்தத் தேதியில், எவ்வளவு நீளத்துக்குக் கட்டப்பட்டது?

அடிவாரம் தாண்டினால் ஏற்காட்டு மலைப்பாதை. இருபது கொண்டை ஊசி வளைவும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். சரிந்த மண்ணை அள்ளுவதும் தடுப்புச் சுவர் கட்டுவதும் நெடுஞ்சாலைத் துறை. போக்குவரத்தை நிறுத்தும் உத்தரவு அவர்களுடையது அல்ல. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவரான ஆட்சியருடையது. அந்த உத்தரவை நடைமுறைப்படுத்துவது போலீஸ். சாய்ந்த மரம் காப்புக்காட்டு மரமென்றால் கட்டை வனத்துறைச் சொத்து. வழியை அடைக்கிறது என்று வெட்டி ஒதுக்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போனால் வழக்கு. மரம் இழுத்துவந்த கம்பி மின்வாரியம், 94987 94987. அவசர நிவாரணப் பணம் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து வரும். அதில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது, கால் பங்கு மாநிலத்துடையது. ஒரே வளைவில் ஒரு மழைக்கு ஐந்து அலுவலகம்.

மேலே ஏறிவிட்டால் இன்னொரு ஆச்சரியம். ஊட்டியும் கொடைக்கானலும் நகராட்சிகள். ஏற்காட்டை, அத்தனை விடுதியும் கோடை விழாக் கூட்டமும் இருந்தும், காலங்காலமாக ஊராட்சி அமைப்புதான் நடத்திவந்தது. அதனால்தான் 2019 டிசம்பர் தேர்தலில் ஏற்காட்டு வாக்காளர் கையில் நாலு நிறத்தில் வாக்குச்சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். சேலம் மாநகராட்சி வாக்காளருக்கு உள்ளாட்சியில் ஒரே ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு மட்டும். மேயரை அறுபது வார்டுக் கவுன்சிலர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள்.

அந்த 2019 தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடக்காத காலத்தில் தலைவரின் இடத்தில் தனி அலுவலர் உட்காருவார். "தலைவர் இல்லை, அதனால் விளக்கு போட முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடமை அமைப்பினுடையது, ஆளுடையது அல்ல. கையெழுத்து மட்டும்தான் இடம் மாறுகிறது. சாதாரணக் காலத்தில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இருவருக்கும் ஆகாவிட்டால் தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்குக்கூடப் பணம் வெளியே வராது. நிதி இல்லாமல் வேலை நின்ற ஊராட்சிகளைவிட இந்தச் சண்டையில் நின்ற ஊராட்சிகள் குறைவாக இருக்காது.

2025 தொடக்கத்தில் ஏற்காட்டைப் பேரூராட்சியாக்கப் போவதாக மாநில அரசு அறிவித்தது. பெயர்ப்பலகை மாறுவது சின்ன விஷயம். பேரூராட்சியானால் ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து நகராட்சி நிர்வாகத் துறைக்குத் தாவுகிறோம். செயல் அலுவலர் வருவார், ஒன்றியக் கவுன்சிலர் ஓட்டும் மாவட்டக் கவுன்சிலர் ஓட்டும் போய்விடும், வீட்டு வரி சொத்து வரியாகும், கிராம சபை இருக்காது, நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் அந்த எல்லைக்குள் கிடைக்காது. விடுதி நடத்துபவருக்கு லாபமாகவும் எஸ்டேட் கூலிக்கு நட்டமாகவும் ஒரே அறிவிப்பு தெரிவது இதனால்தான்.

தொகுதிக் குழப்பம் வேறு. ஏற்காடு சேலம் மாவட்டம். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித்தொகுதி. ஆனால் அது கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. மக்களவை உறுப்பினர் நிதி கேட்டு சேலம் எம்.பி.யிடம் மனு கொடுத்துப் பயனில்லை.

ஒன்றிய அலுவலகத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் அல்ல, இரண்டு பேர். பிடிஓ வட்டார ஊராட்சி, பிடிஓ கிராம ஊராட்சி. ஒன்றியத்தின் சொத்தும் பணமும் முதலாமவரிடம், ஊராட்சிகளைக் கண்காணிப்பது இரண்டாமவரிடம். ஊராட்சிச் செயலர் மேல் புகாரை முதலாமவரிடம் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருப்பவர்கள் உண்டு. ஊராட்சிச் செயலரையும் கிராம நிர்வாக அலுவலரையும் ஒருவரென்று நினைப்பது அதைவிடப் பெரிய குழப்பம். வீட்டு வரி, குடிநீர், விளக்கு எல்லாம் செயலர். பட்டா, சிட்டா, அடங்கல், சான்றிதழ் விசாரணை எல்லாம் விஏஓ. அவர் வருவாய்த் துறை ஆள், தாசில்தாருக்குக் கட்டுப்பட்டவர், ஊராட்சித் தலைவருக்கு அல்ல. மலையில் பழங்குடியினர் சான்று வேண்டுமானால் தாசில்தாரோடும் முடியாது. அதில் கையெழுத்துப் போடுவது வருவாய்க் கோட்டாட்சியர்.

"ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று பலகை இருக்கும். கட்டடம் ஒன்றியத்தின் சொத்து. ஓடு ஒழுகினால் பிடிஓ வட்டார ஊராட்சி. உள்ளே பாடம் நடத்தும் ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறை. அவர் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர். மலைக் கிராமத்தில் "அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி" என்று பலகை இருந்தால் கட்டடம், ஆசிரியர், விடுதிச் சோறு எல்லாமே பழங்குடியினர் நலத்துறை. கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

தண்ணீரில் எல்லைக்கோடு தரைத் தொட்டி. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நீரை ஊர் வரை கொண்டுவந்து தரைத் தொட்டியில் விடுவது குடிநீர் வடிகால் வாரியம். அங்கிருந்து மேலே ஏற்றித் தெருவுக்கு விடுவது ஊராட்சி. ஆகவே தண்ணீர் வராத நாளில் முதலில் பார்க்க வேண்டியது தரைத் தொட்டியை. காலியாக இருந்தால் வாரியம். நிறைந்திருந்தால் மோட்டார், வால்வு அல்லது திறந்துவிடுபவர், மூன்றுமே ஊராட்சி.

மேல்நிலைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் போடுவதும் ஊராட்சிதான். 33 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டுவது தப்பு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும். மூட்டையைத் திறந்துபோட்டு மாதக்கணக்கில் வைத்த பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும். அதில் எத்தனை கிராம் போட்டாலும் வெறும் சுண்ணாம்புதான். கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் சோதித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று எழுதுவதற்கு அர்த்தமே இல்லை.

பிறப்புச் சான்றில் மூன்று அரசும் ஒரே தாளில் நிற்கும். சட்டம் மத்தியச் சட்டம், 1969. எழுதுவது மாநில அரசு ஊழியரோ உள்ளாட்சி ஊழியரோ. பதிவு, பிறந்த இடத்தில்தான். பெற்றோர் குடியிருக்கும் இடத்தில் அல்ல. ஏற்காட்டு மலையில் நாகலூரில் இருக்கும் தாய்க்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் குழந்தை பிறந்தால் பதிவு சேலத்தில். அந்தச் சான்றைத் தேடி ஏற்காட்டு விஏஓவிடம் அலைய வேண்டாம். வீட்டில் பிறந்தால்தான் விஏஓ. 21 நாளுக்குள் சொன்னால் கட்டணமில்லை. ஓராண்டு தாண்டினால் நிர்வாக நடுவர் நிலையில் உள்ள அதிகாரியின் உத்தரவு வேண்டும். பெயரில்லாமல் பதிந்திருந்தால் ஓராண்டு வரை இலவசமாகவும் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடும் பெயர் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைக்குப் பள்ளியில் சேர்க்கவும் பாஸ்போர்ட்டுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்று ஒன்றுதான் ஆதாரம். தள்ளிப்போடாதீர்கள்.

சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் ஓடிவரும் திருமணிமுத்தாற்றைப் பற்றி எல்லோரும் மாநகராட்சியைத்தான் திட்டுவார்கள். பாதி நியாயம். வீட்டுச் சாக்கடை ஆற்றில் விழுவது மாநகராட்சிப் பொறுப்பு. ஆற்றுப் படுகையும் கரையும் நீர்வளத் துறை. சாயக்கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்; அது மாநில அமைப்பு, ஆனால் கையில் இருக்கும் ஆயுதம் 1974-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். அனுமதியில்லாத சாயப்பட்டறையை மூட வாரியம் எழுதும். மின் இணைப்பை வெட்டுவது மின்வாரியம். புறம்போக்கில் கட்டிய கட்டடத்தை எடுக்க வேண்டுமானால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறை நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தண்ணீர் சிவப்பாக ஓடும்போது தேதி, நேரம், பாலத்தின் பெயரோடு படம் எடுத்து வாரியத்துக்கு அனுப்புங்கள். மறுநாள் ஆய்வாளர் வரும்போது ஆறு கறுப்பாகத்தான் இருக்கும். அது சாக்கடை, வேறு அலுவலகம். ஏரியாக இருந்தால் பாசனப் பரப்பைக் கேளுங்கள்: 40 ஹெக்டேருக்கு மேல் பாய்ந்தால் நீர்வளத் துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம்.

மலையில் இன்னும் இரண்டு சிக்கல். ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வருவதால், மண் வெட்டிக் கட்டடம் எழுப்ப ஊராட்சி ரசீது மட்டும் போதாது. வனம், வேளாண் பொறியியல், கனிமவளத் துறைகளின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். இரண்டாவது, வன உரிமை. மலையாளிப் பழங்குடியினர் இத்தனை பேர் இருந்தும் தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி, அதாவது அரசமைப்பின்படி பழங்குடிப் பகுதி என்று அறிவித்த இடம், எதுவும் கிடையாது. அதனால் அத்தகைய பகுதிகளின் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் பெசா சட்டம் இங்கே செல்லாது. செல்லுபடியாவது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதில் முதல் மேசை கிராம சபை, அடுத்தது கோட்ட அளவுக் குழு, முடிவு மாவட்டக் குழு. வனத்துறை அதில் உறுப்பினர். அங்கே நேரே விண்ணப்பம் கொடுத்தால் செல்லாது. ஏற்காடு பேரூராட்சியானால் அந்த எல்லையில் இந்த முதல் மேசை என்ன ஆகும் என்று இப்போதே கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைப்பது நல்லது.

பணத்தைப் பற்றி ஒன்று. 15-ஆவது நிதிக்குழு ஊரக அமைப்புகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று கட்டிப்போட்டது. "கணக்கில் பணம் இருக்கு, ரோடு போடமாட்டேங்கறார்" என்று தலைவரைத் திட்டுவதற்கு முன் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். நகரத்தில் சொத்து வரி ஏறியதிலும் இதே நிதிக்குழுவின் நிபந்தனை பின்னணியில் இருந்தது. அந்த வரியை அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, உச்சம் 5,000 ரூபாய்.

எம்.பி. நிதி, எம்.எல்.ஏ. நிதி என்று கல்வெட்டு வைத்து நடும் உயர்கோபுர விளக்குதான் இந்தக் கதையின் சரியான உதாரணம். கம்பம் நட்டது அந்த நிதி. மாதாமாதம் கரண்ட் பில் ஊராட்சி. விளக்கை இறக்கி ஏற்றும் மோட்டார் பழுதானால் அதுவும் ஊராட்சி. சின்ன ஊராட்சி பில் கட்ட முடியாமல் இணைப்பை விட்டுவிடும், கல்வெட்டு மட்டும் பளிச்சென்று நிற்கும். விளக்கு கேட்டு கிராம சபையில் தீர்மானம் போடும்போதே பராமரிப்புச் செலவு எந்தத் தலைப்பில் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் நூறு பேர் வராவிட்டால் கோரம் இல்லை.

மனுவில் ஒரு தாளுக்கு ஒரு கோரிக்கை. விளக்கும் சாக்கடையும் பட்டாவும் ஒரே தாளில் இருந்தால் ஒன்று மட்டும் ஒரு துறைக்குப் போகும், மற்றவை கிடப்பில் விழும். கம்ப எண், கிலோமீட்டர் கல், சர்வே எண், வார்டு எண் இவற்றில் பொருந்துவதை எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். முதல்வரின் உதவி எண் 1100-இல் கேட்கும்போது அந்த எண்தான் பேசும்.

யாருடையது என்றே தெரியாத சாலைக்குத் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, "இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை உள்ள சாலை எந்த அலுவலகத்தின் சாலைப் பதிவேட்டில் உள்ளது, அந்தப் பக்கத்தின் நகல், கடைசியாகத் தார் போட்ட ஆண்டு, எந்தத் திட்ட நிதி" என்று கேளுங்கள். ஏன், எப்போது சரிசெய்வீர்கள் என்று கேட்காதீர்கள். கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தருவார்கள், விளக்கம் தர மாட்டார்கள். அலுவலகம் மாறிப்போனாலும் கவலையில்லை. 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்பி, உங்களுக்கும் ஒரு நகல் போட வேண்டும். அந்த நகலில் யாருக்கு அனுப்பியிருக்கிறார்களோ, அவர் பெயரை அடுத்த மனுவில் "பெறுநர்" என்ற இடத்தில் எழுதுங்கள்.